ஸின்ரூவின் வண்டி

ஏழாம் மாதத்தில் முகாம் வேண்டாம் என்று குவான்டிங்கிடம் சொல்லாதவர்கள் இல்லை. ஸின்ஜூ நகரத்தில் அந்த மாதம் பிறந்துவிட்டால் ஆற்றில் இறங்கமாட்டார்கள், புதுவீடு குடிபோகமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டார்கள். கீழுலகத்தின் கதவு திறந்து, போனவர்களெல்லாம் பசியோடு தெருவில் அலைகிற மாதம் அது. ஆனால் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. கணினிச் சிப் செய்யும் ஆலையில் வேலை பார்க்கும் அப்பா அம்மாக்களுக்கு, பகல் முழுக்கப் பிள்ளைகளை எங்கே தள்ளுவது என்ற கவலை பேய்ப் பயத்தைவிடப் பெரியது. அதனால் வேண்டாம் என்று சொன்னவர்களே முதல் ஆளாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

லாய் குவான்டிங் அந்த ஆலையில்தான் பொறியாளர். முனைவர் பட்டம் வாங்கியவர். தன் ஓய்வு நாட்களில் தொடக்கப்பள்ளிக் கூடத்தைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளின் கையில் மோட்டார், சக்கரம், சென்சார் என்று கொடுத்து, சின்னச் சின்ன ரோபோ வண்டி செய்யவைப்பார். பாடம் நடத்துவது குறைவு. செய்து, கெடுத்து, மறுபடி செய்ய வேண்டும். அவருடைய முகாமில் ஒரே ஒரு சட்டம்தான். "வண்டி சொன்ன பேச்சு கேக்கலையா? ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாரு. ரெண்டை மாத்தினா எதால சரியாச்சுன்னு சாமிக்கே தெரியாது."

ஊருக்கெல்லாம் இந்தச் சட்டத்தைச் சொன்ன மனிதர் தன் வீட்டில் ஒரு வண்டியிடம் தோற்றுப்போயிருந்தார். அது அவருடைய மகள் ஸின்ரூ செய்த வண்டி.

ஸின்ரூவுக்குப் பதினொரு வயது. ரத்தத்தில் வந்த நோய், போன இலையுதிர் காலத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது. மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே வண்டியைக் கட்டினாள். அங்கே இரவல் கொடுத்த மடிக்கணினியில் அதற்கு நிரல் எழுதினாள். என்ன எழுதினாய் என்று குவான்டிங் போனில் கேட்டதற்கு, "நீ வர்றப்போ காட்டுறேன், இப்ப சொல்லமாட்டேன்" என்றாள். மறுநாள் சாயங்காலம் குவான்டிங் ஆலையின் தூசி புகாத தூய அறைக்குள் இருந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே அலமாரிக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. உடுப்பைக் கழற்றிவிட்டு அவர் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மடிக்கணினியைத் திருப்பி வாங்கியவர்கள் வழக்கப்படி அதிலிருந்ததைத் துடைத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆக, அவள் எழுதியது வண்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையில் மட்டுமே இருந்தது. ஓடவைக்கலாம், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியாது. வேறு நிரலை ஏற்றினால் பழையது போய்விடும்.

குவான்டிங் அதை ஓடவைத்துப் பார்த்தார். அசையவில்லை. முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து கை தட்டினார், விளக்கை அணைத்துப் போட்டார், பாட்டு வைத்தார். பசை போட்டு ஒட்டியதுபோல இருந்தது. பேட்டரியைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், எல்லாம் சரி. கடைசியில் அதை ஆன் செய்தபடியே மகளின் மேஜையடியில் தரையில் வைத்து, முன்னால் ஒரு பச்சைப் பொட்டலத்தை நிறுத்தினார்.

ஸின்ஜூ இருக்கும் அந்தத் தீவில் பச்சைப் பொட்டலம் இல்லாத இயந்திரம் கிடையாது. உள்ளே சோளப் பொரிதான். பையின் பெயருக்கு 'சமர்த்தாயிரு' என்று அர்த்தம். ஒன்றை வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது. பை பச்சை நிறமாகத்தான் இருக்க வேண்டும், தேதி தாண்டக் கூடாது, யாரும் தின்னக் கூடாது. கோடிகோடியாய் விலைபோகும் இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிற முனைவர்கள்கூட பொட்டலத்தை நிமிர்த்தி வைக்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். லாரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற நாம் இதற்குச் சிரிக்க முடியாது.

பொட்டலம் வைத்த பிறகுதான் வண்டி நடமாட ஆரம்பித்தது. தினமும் இல்லை. குவான்டிங் ஆலையில் இருக்கும்போது, எப்போதாவது. அவர் மனைவி ஷூபின் பொட்டலத்தை ஒதுக்கி வைத்து அறையைப் பெருக்கிவிட்டு முறத்தைக் கொட்டப் போவாள், திரும்பி வந்தால் வண்டி கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒருநாள் பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டுப் புதிது எடுத்துவரச் சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே சக்கரச் சத்தம். நடையில், அவள் காலடியில் வந்து நின்றது. அலறியடித்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தவள், கணவர் வரும்வரை உள்ளே போகவில்லை.

"நான் இருக்கறப்போ ஏன் வரமாட்டேங்குது?" என்று மட்டும்தான் குவான்டிங் கேட்டார். பயமில்லை அவருக்கு. பொறாமை.

ஷூபின் குறிகாரம்மாவிடம் போய்வந்தாள். கல்யாணமாகாமல் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பூஜை மாடத்தில் இடம் கிடையாது. அது அங்கே பழைய வழக்கம். ஊருக்கு வெளியே கன்னிப்பெண்களுக்கென்று ஒரு கோயில் உண்டு, இறந்தவள் பெயர் எழுதிய பலகையை அங்கே சேர்க்க வேண்டும். ஏழாம் மாதம் பதினைந்தாம் நாளுக்குள் சேர்த்துவிடு என்றாளாம் குறிகாரம்மா. "ஆனா உம்பொண்ணு வரமாட்டேங்குறா. வீட்டுல யாரோ கையைப் பிடிச்சு வச்சிருக்காங்க."

"அது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றாள் ஷூபின். "முகாமுக்கு அந்த வண்டியை எடுத்துட்டுப் போ. ஏதாவது ஒரு பிள்ளைகிட்டக் குடு. அது புது நிரல் ஏத்தட்டும். நம்ம பிள்ளை போகட்டும்."

"ஏத்தினா அவ எழுதுனது அழிஞ்சிடும், ஷூபின்."

"அழியட்டும்னுதான் சொல்றேன்."

"அவ என்ன எழுதினான்னே இன்னும் எனக்குத் தெரியாது. தெரியாம எப்படி அழிக்கறது?"

மறுநாள் காலையில் ஷூபின் வண்டியை ஒரு துணிப்பையில் போட்டு, அவர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

முகாமில் நிஜமாகவே ஒரு வண்டி குறைந்தது. யீஜுன் என்று பத்து வயதுப் பெண், கடைசி நேரத்தில் சேர்ந்தவள். அவளுக்கு மட்டும் வண்டிச் சாமான் பெட்டி இல்லை. துணிப்பைக்குள் கைவிட்ட குவான்டிங், வண்டியை எடுத்தார், பார்த்தார், கொண்டுபோய் மேடைமேல் வைத்து ஆன் செய்து, முன்னால் பச்சைப் பொட்டலத்தை நிறுத்தினார். "இது வேற ஒருத்தரோடது. உனக்கு வேற வரவழைக்கறேன், அதுவரைக்கும் எல்லாரும் செய்யறதைப் பாத்துக்கிட்டு இரு" என்றார். கொடுக்கவும் மனசில்லை, மறைக்கவும் மனசில்லை.

யீஜுனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. பார்க்கிற பிள்ளையின் கண்ணில் எதுவும் தப்பாது.

சாப்பாட்டு வேளையில் கூடமே சோற்றுப் பெட்டியும் வறுத்த இறைச்சி வாசமுமாக இருந்தபோது, பாவ்ஷூ என்ற பையன் ரகசியமாக மேடையேறினான். தன் பெட்டியைக் காலி செய்துவிட்டு அடுத்தவன் பெட்டியை எட்டிப் பார்க்கிற பிறவி அவன். பொட்டலம் கிழிகிற சத்தம் கேட்டது. அப்புறம் கருக்மொருக்கென்று மெல்லுகிற சத்தம்.

"டேய், அதைத் தின்னுட்டியா?" என்று ஒரு பெண் கத்தினாள். "சாமி பொட்டலம்டா அது!"

"பசிச்சுது. அதுவும் தேங்காய்ப்பால் ருசி." வாய் நிறையப் பொரியோடு சொன்னான் பாவ்ஷூ. கீழே குதித்து ஓடிவந்தான்.

மேடைமேல் வண்டி அசைந்தது.

மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. நின்றது. இன்னும் கொஞ்சம் திரும்பியது. கொஞ்ச தூரம் ஊர்ந்தது. மறுபடி திரும்பியது. கூடத்தில் கூச்சல் கிளம்பிற்று. பாதிப் பிள்ளைகள் மேஜைக்கடியில், பாதிப் பேர் வாசலில். "பாவ்ஷூ செத்தான்! ஏழாம் மாசத்துல பேயோட பொரியைத் தின்னுட்டான்!" என்று ஒருவன் கூவ, பாவ்ஷூ வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு ஓவென்று அழுதான்.

குவான்டிங்கின் கையிலிருந்த, சோறு சாப்பிடும் குச்சிகள் தரையில் விழுந்தன. பத்து மாதமாக அவர் காத்துக்கிடந்த காட்சி. மகள் இறந்த பிறகு முதல்முறையாக அவள் செய்த ஒன்று அவர் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மேடை விளிம்பில் விழாதபடி அதைப் பிடிக்கக் குனிந்தார். உடனே நின்றுவிட்டது. எத்தனை நேரம் பார்த்தாலும் நின்றது நின்றபடியே.

"பாத்தீங்களா, மாமா வந்ததும் அடங்கிடுச்சு" என்றார்கள் பிள்ளைகள். "புதுப் பொட்டலம் வையுங்க மாமா. இல்லைன்னா மறுபடி கிளம்பும்."

"பொட்டலத்தால ஒண்ணும் இல்ல" என்றது ஒரு குரல். யீஜுன்.

"உனக்கென்ன தெரியும்? உனக்கு வண்டியே கிடையாது" என்றான் பாவ்ஷூ, மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"வண்டி இல்லாததாலதான் தெரியுது. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். இப்ப பொட்டலம் இல்ல, ஆனாலும் நிக்குது. அப்ப பொட்டலம் காரணம் இல்ல." அவள் மேடையேறி வந்தாள். "வண்டியைக் கீழ எறக்குங்க மாமா. தள்ளிப் போங்க. இன்னும். அந்தச் சுவர்வரைக்கும்."

குவான்டிங் பின்வாங்கினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வண்டி திரும்பத் தொடங்கியது. யீஜுன் அதற்கு முன்னால் தன் தண்ணீர்ப் புட்டியை வைத்தாள். நின்றது. எடுத்தாள். கிளம்பியது. காலி சோற்றுப் பெட்டியை வைத்தாள். நின்றது. பயம் தெளிந்த பாவ்ஷூ தன் செருப்பைத் தூக்கிப் போட்டான், செருப்புக்கும் நின்றது. தொப்பி வைத்தார்கள், குடை வைத்தார்கள். பேய் என்று அலறியவர்கள் இப்போது எனக்கு உனக்கு என்று முட்டிமோதினார்கள்.

"பொரியோ செருப்போ, அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றாள் யீஜுன். "முன்னாடி ஏதாவது இருக்கணும். தூரம் பாக்குற சென்சார் வச்சிருக்கு. யாராவது இருந்தா சும்மா இருக்கும். யாரும் இல்லைன்னா கொஞ்ச நேரம் காத்திருக்கும், அப்புறம் தேடப் போகும். ஆளைக் கண்டுபிடிச்சதும் நின்னுக்கும். மாமா, நீங்க இதைச் சோதிச்சுப் பாத்தப்போ எங்க உக்காந்தீங்க?"

"முன்னாடிதான்."

"அப்ப எப்படி ஓடும்?"

கண்ணுக்கு இமை தெரியாது என்பார்கள். முனைவர் லாய் குவான்டிங்குக்கு இப்போதுதான் புரிந்தது. இது மகளின் ஆவியும் இல்லை, அம்மாவிடம் மட்டும் வருகிற செல்லமும் இல்லை. மருத்துவமனை அறையில், இரவு வேலைக்குப் போன அப்பாவுக்காகக் கதவைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த ஒரு பிள்ளை, தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறது. காத்திரு. யாரும் வரவில்லையென்றால் தேடு. வந்துவிட்டால் அசையாமல் இரு.

"எல்லாரும் சுவரோரம் போங்க" என்றாள் யீஜுன். "கடைசியா ஒரு தடவை பாப்போம். யாரைத் தேடி வருதுன்னு."

பிள்ளைகள் சிரித்தபடி நான்கு பக்கமும் ஒண்டினார்கள். வண்டி கூடத்தின் நடுவே தனியாக நின்றது. திரும்பியது, ஊர்ந்தது, திரும்பியது. குவான்டிங் பக்கம் பார்த்தது, அவர் வெகுதூரத்தில் இருந்தார். பிறகு ஜன்னலுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள வெற்று மூலையைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து, நின்றுவிட்டது.

அங்கே யாரும் இல்லை. நாற்காலிகூட இல்லை.

சிரிப்பு நின்றது. வண்டி நகரவேயில்லை. "மாமா..." என்று பாவ்ஷூ மெல்ல இழுத்தான். "அங்க யார் நிக்கிறாங்க?"

"யாரும் இல்லடா. தரை விளிம்பு, மேடைக்கட்டை எதுலயாவது சென்சார் அனுப்புற ஒலி பட்டுத் திரும்பியிருக்கும். சென்சார் சில நேரம் ஏமாறும்" என்றார் குவான்டிங். அது உண்மையான காரணமாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நடந்துபோய் அந்த வெற்று மூலையில், வண்டிக்கு எதிரே நின்றுகொண்டார். அங்கே காற்று சற்றே குளிர்ந்திருந்ததுபோல அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பதினைந்தாம் நாள். ஆலை வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை படையல் மேஜைகள், பழம், ஊதுவத்தி, அடுக்கடுக்காய்ப் பச்சைப் பொட்டலங்கள். முகாமின் கடைசி நாளும் அதுதான். பெற்றோர் வந்து பிள்ளைகளின் வண்டிகளைப் பார்த்துக் கைதட்டிவிட்டுப் படையலுக்கு ஓடினார்கள். பெட்டி வந்துசேராததால் யீஜுன் மட்டும் காட்ட ஒன்றுமில்லாமல், மடிக்கணினியில் தன் நிரலை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மற்ற எல்லோரும் போனபிறகு ஷூபின் வந்தாள். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை.

"அழிச்சாச்சா?" என்றாள்.

"அவ என்ன எழுதினான்னு தெரிஞ்சிடுச்சு" என்றார் குவான்டிங். வண்டியைத் தரையில் வைத்தார். "வா, இதுக்கு முன்னாடி நில்லு. பயப்படாதே. இப்ப பின்னால போ."

அவள் போனாள். வண்டி தேடியது. வளைந்து வளைந்து வந்து, அவள் காலடியில் நின்றது. குவான்டிங் முழுவதையும் சொன்னார், காத்திருப்பதை, தேடுவதை, ஆள் கிடைத்ததும் நிற்பதை. ஷூபின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அப்போ இத்தனை மாசமும், அது உன்னைத் தேடிடக் கூடாதுன்னு, முன்னாடி ஒரு பொரிப் பொட்டலத்தை வச்சு ஏமாத்திட்டு வேலைக்குப் போயிருக்கே."

"எனக்குத் தெரியாதுடீ..."

"அவ உயிரோட இருந்தப்போ மட்டும்? கட்டில்ல ஒரு பொட்டலத்தைப் போடுவே. 'சமர்த்தா இரு, அப்பா ஷிஃப்டு முடிச்சுட்டு வரேன்'பே. அவ அதைப் பிரிக்கவே மாட்டா. இழுப்பறை முழுக்க அப்படியே கிடந்துச்சு. நான்தான் எடுத்து நர்சுங்களுக்குக் குடுத்தேன்."

இது அவருக்குத் தெரியாது. தின்றாள் என்றே நினைத்திருந்தார். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தார். வண்டி ஷூபினைப் பார்த்தபடி இருந்தது. அவள் விலகி வழிவிட, அது மெதுவாகத் திரும்பி, ஊர்ந்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அவரைக் கண்டுபிடித்துவிட்டது. இனி அதற்கு எந்த வேலையும் இல்லை.

"ஸின்ரூ" என்றார் குவான்டிங், வாய்விட்டு.

"இந்த மாசத்துல பேர் சொல்லிக் கூப்பிடாதே!" ஷூபின் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள்.

"லாய் ஸின்ரூ. அப்பா வந்துட்டேன்மா. லேட்டாயிடுச்சு. நீ எழுதுனதைப் பாத்துட்டேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. ஒரு தப்பு இல்ல." அவர் வண்டியின்மேல் கை வைத்தார். "இனி தேட வேண்டாம். அம்மா உன்னைக் கூட்டிட்டுப் போவா. போ."

ஷூபின் பிடித்த தோளை விடவில்லை. வெளியே படையல் காகிதம் எரிகிற வாசம் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

"அழிக்கலைன்னா என்ன ஆகும்?" என்று கேட்டாள். இத்தனை நாளும் அழி அழி என்றவள் அவள்தான்.

"நாம எழுந்திரிச்சதும் தேடும். நான் வேலைக்குப் போனா தேடும். நாம செத்த பிறகும், பேட்டரி போட்டா, தேடிக்கிட்டேதான் இருக்கும்."

அவர் அப்படியே உட்கார்ந்தபடி யீஜுனைக் கூப்பிட்டார். அவள் மடிக்கணினியையும் வயரையும் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மாமா, நான் அழிக்கமாட்டேன். எனக்கு வண்டி வேண்டாம்" என்றாள்.

"நீ அழிக்க வேண்டாம். உன் நிரலைக் குடு. நான் ஏத்தறேன்."

வயரை மாட்டினார். யீஜுனின் நிரல் எளியது, பொத்தானை அழுத்தினால் நேராகப் போகும், சுவர் வந்தால் ஒதுங்கும். விரல் விசைமேல் வெகுநேரம் இருந்தது. அழுத்தினார். வண்டியின் சின்ன விளக்கு படபடவென்று மின்னி, நிலையாக எரிந்தது. அவ்வளவுதான், ஒரு மகள் எழுதியது போவதற்குப் பிடித்த நேரம்.

ஷூபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோயிலுக்கு நேரமாகிறது என்றாள். குவான்டிங் எழுந்தார். வயரைக் கழற்றினார். வண்டியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தார், மேடைவரை, பிறகு சுவர்வரை, அதற்கும் மேல் போக இடமில்லாதவரை. முதுகு சுவரில் முட்டியது. வண்டி அங்கேயே இருந்தது.

"வா, போலாம்" என்றாள் ஷூபின் வாசலிலிருந்து.

அவர், ஒரே ஒரு தடவை அது தன் பக்கம் திரும்பிவிடாதா என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் நின்றுகொண்டேயிருந்தார்.